303-ஆம் பாரில் யார் வாசிப்பது?

பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியை முழுதாகக் கேட்காதவர்கள் ஏராளம். ஆனால் அதன் முதல் நாலு சுரத்தைக் கேட்காதவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். மூன்று குட்டை, ஒரு நெட்டை: ட-ட-ட-டாம். இவ்வளவு பழகிப்போன இந்த நாலு சுரத்தை எல்லோரும் சேர்ந்து வாசிப்பதுதான் ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்குகிற காரியம். ஏனென்றால் ஸ்கோரில் (எல்லா வாத்தியத்துக்குமான இசையை எழுதிய புத்தகம்) முதலில் எழுதியிருப்பது ஒரு இடைவெளி. ஒரு பாருக்குள் (ஒரு தாளக்கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்) நாலு சின்ன எண்ணிக்கை; முதல் எண்ணிக்கையில் சும்மா இருக்க வேண்டும், மற்ற மூன்றில் வாசிக்க வேண்டும். வேகம் அதிகம் என்பதால் கண்டக்டர், அதாவது ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிறவர், பாருக்கு ஒரு தட்டுதான் போடுவார், அந்தத் தட்டு விழுவதோ காலி எண்ணிக்கையில். அவர் கை கீழே வந்து சேரும்போது ஒருவரும் வாசிக்கக் கூடாது. சேர்ந்த பிறகு, பீத்தோவன் கேட்ட வேகத்தில் கணக்குப் போட்டால் ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்கு கழிந்ததும், தந்தி வாத்தியங்கள் அத்தனையும் இரண்டு கிளாரினெட்டுகளும் ஒரே சமயத்தில் இறங்க வேண்டும். சமத்தில் தட்டு விழுந்து, கொஞ்சம் தள்ளி எடுப்பு வருகிற கீர்த்தனைகளைப் பாடிப் பழகியவர்களுக்கு இதில் அதிசயம் இருக்காது, ஆனால் அங்கே பாடுவது ஒருவர், இங்கே ஐம்பது அறுபது பேர்.

2025 மார்ச்சில் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா இளையராஜாவின் சிம்பொனியை வாசித்ததிலிருந்து தமிழில் சிம்பொனி பற்றிய பேச்சு கொஞ்சம் கூடியிருக்கிறது. சந்தோஷம். ஆனால் பேச்செல்லாம் எழுதியவரைப் பற்றியே இருக்கிறது. எழுதி முடித்த காகிதம் மேடைக்கு வருவதற்குள் அதை என்னென்ன செய்கிறார்கள் என்பதைப் பற்றி யாரும் அதிகம் எழுதிப் பார்த்ததில்லை. நான் ஒரு அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராவில் இரண்டாம் வயலின் வரிசையின் பின்பக்கத்தில் உட்காருகிறவன், அவ்வளவுதான் என் தகுதி. அங்கிருந்து பார்த்தால் ஒன்று நன்றாகத் தெரிகிறது. ஒரு கண்டக்டரின் விளக்கம், பார்வை, ஆளுமை என்றெல்லாம் விமர்சகர்கள் எழுதுகிற சமாசாரத்தில் முக்கால்வாசி, குச்சியைத் தூக்குவதற்கு ரொம்ப முன்னாலேயே பென்சிலால் முடிந்துவிடுகிறது.

முதல் முடிவு, எந்தப் பதிப்பு என்பது. இருநூறு வருஷத்துக்கு முந்தைய படைப்பில் பதிப்புக்கு என்ன குழப்பம் என்று கேட்பீர்கள். ஐந்தாவது சிம்பொனியின் மூன்றாம் பகுதியில் இரண்டு பார் அதிகமாக அச்சாகிவிட்டது. அந்தப் பகுதியைத் திருப்பி வாசிக்கும்படி முதலில் எழுதியிருந்தார் பீத்தோவன். அதற்காக முதல் தடவைக்கு ஒரு முடிவு, இரண்டாம் தடவைக்கு ஒரு முடிவு என்று இருந்ததில், பிறகு திருப்பல் வேண்டாம் என்று ஆனபோது இரண்டு முடிவுமே அச்சுக்குப் போய்விட்டன. 1810-இல் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதி, அந்த இரண்டு பாரையும் எடுத்துவிடுங்கள் என்று சொன்னார். எடுக்கவில்லை. 1826-இல் முழு ஸ்கோர் வெளிவந்தபோதும் அவை இருந்தன, அடுத்த வருஷம் அவரே போய்விட்டார். 1846-இல் இசையமைப்பாளர் மெண்டல்சோன் விஷயத்தைக் கிளறிய பிறகுதான் பதிப்பாளர்கள் அந்தக் கடிதத்தை வெளியிட்டார்கள். அத்தனை வருஷம் ஐரோப்பா முழுக்க, இசையமைத்தவரே தப்பு என்று சொன்ன இரண்டு பாரை பயபக்தியோடு வாசித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஆழமான அர்த்தம் கண்டுபிடித்தவர்களும் இருந்திருப்பார்கள், சந்தேகமே வேண்டாம்.

திருப்பல் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை. 1977-இல் பீட்டர் க்யுல்கே தயாரித்த பதிப்பு திருப்பலைச் சேர்த்தது. 1990-களின் கடைசியில் ஜொனதன் டெல் மார் பேரன்ரைட்டர் நிறுவனத்துக்காகச் செய்த பதிப்பு அதை எடுத்துவிட்டது. ஆக, ஆர்கெஸ்ட்ராவின் லைப்ரரியன் எந்த உறையைப் பிரிக்கிறார் என்பதிலேயே மூன்றாம் பகுதியின் நீளம் மாறுகிறது. லைப்ரரியன் என்று ஒருவர் உண்டு. நிகழ்ச்சிக் குறிப்பில் பேர் சின்ன எழுத்தில் இருக்கும், அவர் லீவு போட்டால் ஊரே நின்றுபோகும்.

அப்புறம் வில். வயலின் வில்லைக் கீழே இழுக்கும்போது கனம் தானாக வரும், மேலே தள்ளும்போது கொஞ்சம் குறையும். அந்த நாலு சுரத்தில் கடைசி நெட்டைச் சுரம் கீழ் வில்லில் விழ வேண்டும் என்றால், எண்ணிப் பாருங்கள், முதல் குட்டைச் சுரம் மேல் வில்லில் தொடங்க வேண்டும். சிலருக்கு அது பிடிக்காது, முதல் சுரத்திலேயே அடி வேண்டும் என்பார்கள். இதைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் கான்சர்ட் மாஸ்டர், அதாவது முதல் வயலினில் முதல் நாற்காலிக்காரர். அவர் குறித்ததைப் பார்த்து இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் தலைவர்கள் தங்கள் பார்ட்டில் (அவரவர் வாத்தியத்துக்கு மட்டுமான தாள்) குறித்துக்கொள்வார்கள். பிறகு லைப்ரரியன் அதையெல்லாம் ஒவ்வொரு ஸ்டாண்டின் காகிதத்திலும் கையால் ஏற்றுவார். தந்தி வாத்தியக்காரர்கள் ஸ்டாண்டுக்கு இரண்டு பேர். பக்கம் திருப்புவது, ஒத்திகையில் சொல்வதைக் குறித்துக்கொள்வது எல்லாம் உள்பக்கம் உட்கார்ந்திருப்பவர் வேலை. நான் பெரும்பாலும் உள்பக்கம்தான், அதனால் என் சட்டைப் பையில் வில்லுக்குப் பூசும் ரோசின் இல்லாமல் இருந்தாலும் இருக்கும், பென்சில் இல்லாமல் இருக்காது.

பழைய பார்ட்டுகளில் முந்தைய குறிப்புகள் அழித்தும் அழியாமலும் கிடக்கும். ஒரே இடத்தில் மேல் வில் குறியும் கீழ் வில் குறியும் ஒன்றின் மேல் ஒன்றாக, பக்கத்தில் யாரோ வரைந்த மூக்குக் கண்ணாடி. கவனி, கண்டக்டரைப் பார் என்று அர்த்தம்.

உட்காரும் ஒழுங்கும் இதே போலத்தான். பீத்தோவன் காலத்திலும் அதற்குப் பிறகு ரொம்ப நாளும் முதல் வயலின் இடப்பக்கம், இரண்டாம் வயலின் எதிரே வலப்பக்கம் என்று உட்கார்ந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டில் இரண்டையும் இடப்பக்கத்திலேயே சேர்த்து வைக்கும் பழக்கம் பரவியது. சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவரை ஒருவர் கேட்பது சுலபம், எல்லோருடைய வாத்தியமும் ரசிகர் பக்கம் திரும்பியிருக்கும், சத்தம் பளிச்சென்று வரும். ஆனால் ஐந்தாவது சிம்பொனியின் முதல் பகுதியில் அந்தக் குட்டைச் சுரங்கள் இரண்டாம் வயலினில் தொடங்கி, வியோலாவுக்குப் போய், முதல் வயலினுக்குத் தாவுகிறது. எதிரெதிரே உட்கார்ந்தால் அது மேடையின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் பறப்பது காதுக்குத் தெரியும். ஒரே பக்கத்தில் குவித்துவிட்டால் எல்லாம் ஒரே மூட்டை. இரண்டாம் வயலின்காரனான எனக்கு இதில் சொந்த அக்கறை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எதிரே உட்கார்ந்தால் முதல் வயலினுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது, அதனால் நாங்கள் கூடுதலாகப் பயிற்சி செய்வோம்.

எத்தனை பேர் என்பதும் உண்டு. பெரிய ஆர்கெஸ்ட்ரா என்றால் 16 முதல் வயலின், 14 இரண்டாம் வயலின், 12 வியோலா, 10 செல்லோ, 8 டபுள் பாஸ். இவ்வளவு தந்திக்கு நடுவே இரண்டே இரண்டு பசூன் (தடித்த குரலுள்ள நீள மரக் குழல்) என்ன செய்யும்? அதனால் ஒரு காலத்தில் காற்று வாத்தியங்களை இரட்டிப்பாக்கினார்கள். இப்போது தந்தியைக் குறைப்பதுதான் பழக்கம்.

பசூன் என்றதும் தலைப்புக்கு வந்துவிடலாம்.

முதல் பகுதியில் புயல் மாதிரி ஒரு கட்டம் முடிந்து, 59-ஆம் பாரில் இரண்டு ஹார்ன்கள் (பித்தளை ஊதுகொம்புகள்) தனியாக, முழுச் சத்தத்தில், அதே நாலு சுரத்தை நீட்டி அறிவிப்பு மாதிரி ஊதும். கேட்டவுடன் நிமிர்ந்து உட்காருவோம். அதே கட்டம் பின்னால் திரும்ப வருகிறது, 303-ஆம் பாரில். அங்கே அதே அறிவிப்பைப் பீத்தோவன் எழுதியிருப்பது ஹார்னுக்கு இல்லை, இரண்டு பசூனுக்கு. ஏன்? அந்தக் கால ஹார்னில் வால்வு கிடையாது. குழாயின் நீளத்துக்கு ஏற்ற சுரங்கள்தான் இயல்பாக வரும், வேறு சுருதிக்குப் போக வேண்டுமென்றால் துண்டுக் குழாயைக் கழற்றி வேறொன்று மாட்ட வேண்டும். முதல் தடவை அந்த இடத்தின் சுருதி ஈ-ஃப்ளாட் மேஜர், ஹார்னும் ஈ-ஃப்ளாட், பொருந்திவிட்டது. திரும்ப வரும்போது சி மேஜர். மாட்டியிருக்கும் குழாயில் அந்தச் சுரங்கள் ஒழுங்காக வராது, குழாய் மாற்றவும் நேரமில்லை. ஆகவே பசூன்.

19-ஆம் நூற்றாண்டில் வால்வு வந்தது, எந்தச் சுரமும் ஹார்னில் வாசிக்கலாம் என்றானது. உடனே கண்டக்டர்கள் 303-ஐ ஹார்னுக்கு மாற்றினார்கள். அவர்கள் வாதம் எளிமையானது: பீத்தோவனுக்கு மனதில் கேட்டது ஹார்ன்தான், வாத்தியம் இடம் கொடுக்கவில்லை, இப்போது கொடுக்கிறது, அவர் இருந்தால் அவரே மாற்றியிருப்பார். ரொம்ப நாள் இதுதான் நடைமுறை. பிறகு அந்தக் கால வாத்தியங்களைத் திரும்ப எடுத்து வாசிக்கும் இயக்கம் வந்தது. ஜான் எலியட் கார்டினர் போன்றவர்கள், எழுதியதை வாசியுங்கள் என்று பசூனுக்குத் திரும்பினார்கள்.

நான் பசூன் கட்சி. காரணம் விசுவாசம் இல்லை. எழுதியதை அப்படியே வாசிப்பது ஒரு அறம் என்று நான் நம்பவில்லை, தப்பாக அச்சான இரண்டு பாரை வாசித்தவர்களும் விசுவாசத்தோடுதான் வாசித்தார்கள். எனக்குப் பசூன் பிடிப்பது, அது அங்கே கொஞ்சம் திணறுவதால். முதல் தடவை கம்பீரமாக வந்த அறிவிப்பு இரண்டாம் தடவை கரகரத்த குரலில் வருகிறது. நடுவில் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள்: 268-ஆம் பாரில் ஒட்டுமொத்த ஆர்கெஸ்ட்ராவும் நின்றுபோய், ஒரே ஒரு ஓபோ தாளமில்லாமல் ஒரு வரி புலம்பிவிட்டுப் போகிறது. அதற்கப்புறம் எதுவும் பழையபடி இருக்கக் கூடாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வாத்தியத்தின் குறையால் வந்த பசூன் நாடகத்துக்குப் பொருந்திவிட்டது. ஆனால் பசூனை வைத்துக்கொண்டால் பொறுப்பும் கூடவே வரும். மற்றவர்கள் வழிவிட வேண்டும், பசூன்காரர்கள் வெட்கப்படாமல் ஊத வேண்டும். பெரிய ஹாலில் முப்பது வயலின் முழங்கிய எதிரொலி அடங்குவதற்குள் இரண்டு பசூன் பரிதாபமாக வந்தால் ரசிகர்களில் யாராவது சிரித்துவிடுவார்கள். இதற்குத்தான் ஒத்திகை.

ஒத்திகை நேரம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. அமெரிக்காவின் பெரிய ஆர்கெஸ்ட்ராக்களில் ஒரு வார நிகழ்ச்சிக்கு மூன்று நாலு ஒத்திகை, ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம், நடுவில் இடைவேளை. அதற்குள் ஒரு கான்செர்ட்டோ, ஒரு புதுப் படைப்பு, ஒரு சிம்பொனி. லண்டனில் இன்னும் குறைவு, அங்கே பார்த்தவுடன் வாசிக்கும் திறமைக்கே பேர் போனவர்கள். எல்லோருக்கும் மனப்பாடமான ஐந்தாவது சிம்பொனிக்கு மிச்ச நேரம்தான் கிடைக்கும், மனப்பாடமாக இருப்பதுதான் அதன் பிரச்சினையே. அறுபது பேர் அறுபது வேறு கண்டக்டர்களிடம் கற்ற பழக்கத்தோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். கார்லோஸ் க்ளைபர் இதைச் சகிக்காதவர். நிறைய ஒத்திகை கொடுத்தால்தான் வருவார், அப்படியும் திருப்தியில்லாமல் வாத்தியக்காரர்களின் ஸ்டாண்டில் துண்டுச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போவார். வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோடு 1974-இல் அவர் செய்த பதிவைக் கேட்டால் அந்தச் சீட்டுகள் வீண்போகவில்லை என்று தெரியும்.

சரி, வேகம். பீத்தோவன் 1817-இல், அதுவரை எழுதியிருந்த எட்டு சிம்பொனிகளுக்கும் மெட்ரோனோம் (தாள வேகத்தை டிக் டிக்கென்று காட்டும் கருவி) எண்களை வெளியிட்டார். ஐந்தாவதின் முதல் பகுதிக்கு நிமிடத்துக்கு 108 பார். மொத்தம் 502 பார், தொடக்கப் பகுதியின் திருப்பலையும் சேர்த்தால் 626. நிறுத்தி நீட்டுகிற இடங்களைத் தள்ளிவிட்டால் ஆறு நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும். மூச்சு வாங்கும் வேகம். காது கேட்காதவர் போட்ட எண், மெட்ரோனோம் பழுது என்றெல்லாம் சொல்லி அதைத் தட்டிக் கழித்தவர்கள் நிறையப் பேர். இன்று அந்த எண்ணை ஒட்டியே வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், வாசிக்க முடியாதது இல்லை என்று காட்டிவிட்டார்கள். கண்டக்டர் ஃபுர்ட்வேங்லர் 1947 மே மாதம் போருக்குப் பிறகு முதல் தடவையாக பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் முன் நின்றபோது இதே பகுதி எட்டு நிமிடத்தைத் தொட்டது. பழைய ஹால் குண்டுவீச்சில் போய்விட்டதால் டைட்டானியா பலாஸ்ட் என்ற சினிமாக் கொட்டகையில் நடந்த கச்சேரி. அந்தப் பதிவில் வேகமே நிலையாக இல்லை, இளகுகிறது, இறுகுகிறது, ஓரிடத்தில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. மெட்ரோனோம் கட்சிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தப் பதிவை ஒதுக்க மனம் வரவில்லை.

வேகத்தோடு ஒட்டியது ஃபெர்மாட்டா, அதாவது இஷ்டப்படி நீட்டு என்ற குறி. முதல் ட-ட-ட-டாமின் நெட்டைச் சுரம் ஒரு பார், அதன் மேல் ஃபெர்மாட்டா. இரண்டாவது ட-ட-ட-டாமின் நெட்டைச் சுரம் இரண்டு பார், இரண்டாவது பாரின் மேல் ஃபெர்மாட்டா. ஆக இரண்டாவது முதலாவதைவிட நீளமாக இருக்க வேண்டும். அந்தக் கூடுதல் பாரைப் பீத்தோவன் பிற்பாடு சேர்த்தார், தற்செயலாக வந்தது இல்லை. இருந்தும் இரண்டையும் ஒரே அளவில் வாசிக்கிற பதிவுகள் எத்தனையோ. எவ்வளவு நீட்டுவது? இசையமைப்பாளர் வாக்னர் கண்டக்டர்களைத் திட்டி எழுதிய 1869 கட்டுரையில், பீத்தோவனே கல்லறையிலிருந்து எழுந்து வந்து என் ஃபெர்மாட்டாவை நீளமாக, பயங்கரமாகப் பிடி என்று சொல்வதாகக் கற்பனை செய்கிறார். பிடிக்கலாம், ஆனால் வில்லுக்கு ஒரு நீளம்தான் உண்டு. முழுச் சத்தத்தில் இழுத்தால் சீக்கிரம் நுனிக்கு வந்துவிடும். அப்போது ஆளுக்கொரு நேரத்தில் வில்லைத் திருப்ப வேண்டும், ஸ்டாண்ட் ஜோடிகள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால்தான் இடைவெளி கேட்காது.

இவ்வளவு ஏற்பாடும் பீத்தோவனுக்குக் கிடைக்கவில்லை. 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் தியேட்டர் அன் டெர் வீன் அரங்கில் முதல் முறையாக இந்தச் சிம்பொனி கேட்டபோது, அதே மேடையில் ஆறாவது சிம்பொனி, நாலாவது பியானோ கான்செர்ட்டோ, கோரல் ஃபேன்டசி, இன்னும் பாட்டுகள் எல்லாம் சேர்ந்து நாலு மணி நேரம் ஓடியது. கொட்டகையில் குளிர். ஒத்திகை போதாமல் கோரல் ஃபேன்டசி நடுவில் குலைந்துபோய், பீத்தோவன் நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டியதாயிற்று. இந்தச் சிம்பொனிகளை உட்கார்ந்து பழகி வாசிப்பது என்ற கலாசாரம் பிறகுதான் வந்தது. பாரிஸில் 1828-இல் ஹாபெனெக் தொடங்கிய கன்சர்வேட்டரி ஆர்கெஸ்ட்ரா அதற்குப் பேர் போனது. அவர் முழு ஸ்கோர் கூட வைத்துக்கொள்ளாமல் முதல் வயலின் பார்ட்டைப் பார்த்து வில்லால் தாளம் போட்டவர், ஆனால் ஒன்பதாவது சிம்பொனியை வருஷக்கணக்கில் ஒத்திகை பார்த்த பிறகே மேடையேற்றினார். வாக்னரே அதைக் கேட்டு அசந்துபோனார், அவரை அசர வைப்பது சுலபமில்லை.

என்னைக் கேட்டால் ஒத்திகையின் பெரும்பங்கை முதல் பகுதிக்குச் செலவழிப்பது தப்பு. மூன்றாம் பகுதியிலிருந்து நாலாம் பகுதிக்குப் போகிற பாலம்தான் இந்தச் சிம்பொனியில் உண்மையிலேயே கஷ்டமானது. ஐம்பது பார். தந்திகள் மிக மெல்லிசாக ஒரு சுரத்தைப் பிடித்திருக்க, டிம்பனி (பெரிய முரசு) அதே அளவு மெல்லிசாகத் தட்டிக்கொண்டிருக்கும். மேலே முதல் வயலின் தடவித் தடவி வழி தேடும். சத்தத்தை ஏற்று என்ற குறி கடைசிச் சில பார்களில்தான் வருகிறது. ஆனால் மனுஷ இயல்பு, இருபதாவது பாரிலேயே ஏற ஆரம்பித்துவிடுவோம். கண்டக்டர் கையால் அமுக்கி அமுக்கிக் காட்டுவார். டிம்பனிக்காரர் எந்தக் குச்சி எடுக்கிறார், பஞ்சு சுற்றியதா கடினமானதா என்பதில் அந்த ஐம்பது பாரும் மாறிப்போகும். பஞ்சு என்றால் மேகம் மாதிரி ஒரு முணுமுணுப்பு, கடினமானது என்றால் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாக. நான் கடினமானதன் பக்கம், அங்கே தெளிவுதான் பயமுறுத்துகிறது.

பிறகு நாலாம் பகுதி வெடிக்கிறது, சி மேஜர், அப்போதுதான் முதல் தடவையாக மூன்று ட்ரோம்போன், பிக்கோலோ, கான்ட்ராபசூன் சேர்கின்றன. ஒப்பர்ஸ்டார்ஃப் பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில் பீத்தோவன் இதைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்கிறார்: ஆறு டிம்பனியைவிட இது அதிக சத்தம் போடும், நல்ல சத்தமாகவும் போடும் என்று. ட்ரோம்போன்காரர்கள் அதுவரை மூன்று பகுதியும் மேடையில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். வாத்தியம் ஜில்லென்று ஆகிவிடும், உதடு விறைத்துவிடும், அந்த நிலையில் முதல் சுரமே உயரத்தில், முழுச் சத்தத்தில். சிலர் வாத்தியத்துக்குள் ஓசையில்லாமல் மூச்சு விட்டுச் சூடேற்றிக்கொள்வார்கள்.

இந்தப் பகுதியின் தொடக்கத்துக்கும் ஒரு திருப்பல் எழுதியிருக்கிறது, 85 பார், பீத்தோவனின் வேகத்தில் இரண்டு நிமிடம். பழைய கண்டக்டர்கள் பலர் அதை விட்டுவிடுவார்கள், வெடித்தது ஒரு தடவை போதும் என்பது அவர்கள் எண்ணம். எனக்குத் திருப்பல் வேண்டும். முதல் பகுதியிலும் மூன்றாம் பகுதியிலும் சி மைனரில் அல்லாடியதற்கு ஈடுகட்ட ஒரு தடவை போதாது. எங்கள் ட்ரோம்போன்காரர்களைக் கேட்டால் அவர்களும் வேண்டும் என்பார்கள், அவ்வளவு நேரம் காத்திருந்து உட்கார்ந்தவர்கள். கண்டக்டரைக் கேட்டால் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பார்.